புணே காட்டும் பாதையும் தமிழகத்தின் கேள்வியும்: உயிரியல் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகள்

புது தில்லி: மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் விண்ணப்பித்தவர்கள் 24 லட்சத்துக்கும் அதிகம். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவை. வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், மறுதேர்வு என அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் எழுந்த புயல் முழுவதும் அந்த ஒரு லட்சம் இடங்களைச் சுற்றியே வீசியது. இடம் கிடைக்காத ஏனைய 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடுத்து எங்கே போகிறார்கள் என்பது விவாதப் பொருளாகவில்லை.

ஒரு பகுதியினர் அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வு எழுதுகின்றனர். சிலர் பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், செவிலியர், வேளாண்மைப் படிப்புகளுக்குச் செல்கின்றனர். பெரும் எண்ணிக்கையிலானோர் அருகிலுள்ள கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிரி தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் சேர்கின்றனர். விரும்பிச் சேர்வோர் உண்டு. வேறு வழியின்றிச் சேர்வோரே அதிகம் என்பது கல்லூரி வாசலை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படிச் சேரும் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன கற்பிக்கப்படுகிறது? அவர் ஆய்வாளராகவோ, ஆசிரியராகவோ, தடுப்பூசி ஆலையின் தரக் கட்டுப்பாட்டு அலுவலராகவோ ஆவது அந்த நான்கு பருவங்களில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. இந்தக் கேள்விக்கு நாட்டில் வெவ்வேறு விடைகள் உள்ளன. அவற்றில் இரண்டு ஒரே நகரத்தில், புணேயில், அருகருகே இருக்கின்றன.

புணேயில் பிறந்த சோதனை

மகாராஷ்டிரத்தின் இரண்டாவது பெரிய நகரமான புணே, உயிரியல் ஆய்வுக்குப் பெயர் பெற்ற ஊர். 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய தேசிய வைராலஜி நிறுவனம் அங்கு உள்ளது. 2020-இல் கரோனா தீநுண்மியைத் தனிமைப்படுத்தி, கோவேக்ஸின் தடுப்பூசிக்கு வழி அமைத்த நிறுவனம் அது. 1966-இல் நிறுவப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட், தேசிய உயிரணு அறிவியல் மையம், அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம், 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் ஆகியவையும் அதே நகரில் இயங்குகின்றன.

ஆயினும் ஆய்வுக்கூடங்கள் ஓரிடத்திலும் இளநிலை மாணவர்கள் வேறிடத்திலும் இருந்தனர். சுதந்திரத்துக்குப் பின் நாடு பின்பற்றிய கொள்கையே அதுதான். ஆராய்ச்சி தேசிய ஆய்வுக்கூடங்களுக்கும், கற்பித்தல் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளுக்கும் எனப் பிரிக்கப்பட்டது. ஆராய்ச்சி செய்பவர் பட்டப் படிப்பு மாணவரைச் சந்திப்பதில்லை. பட்டப் படிப்பு மாணவருக்குக் கற்பிப்பவருக்கு ஆராய்ச்சி செய்ய நேரமும் நிதியும் இல்லை.

இந்தப் பிளவைச் சரிசெய்யவே, சி.என்.ஆர். ராவ் தலைமையிலான பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையின் பேரில், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் உருவாயின. சுருக்கமாக ‘ஐசர்’ என்று அழைக்கப்படும் இவற்றில் முதல் இரண்டு, புணேயிலும் கொல்கத்தாவிலும் 2006-இல் தொடங்கப்பட்டன. புணே நிறுவனம் தேசிய வேதியியல் ஆய்வுக்கூட வளாகத்தில் முதல் அடி எடுத்து வைத்தது. அந்த ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானியாக இருந்த கே.என். கணேஷ் அதன் முதல் இயக்குநரானார். மொஹாலி (2007), போபால், திருவனந்தபுரம் (2008), திருப்பதி (2015), பெர்ஹாம்பூர் (2016) என எண்ணிக்கை பின்னர் ஏழானது.

இங்கு வழங்கப்படும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டப் படிப்பு வடிவமைக்கப்பட்டபோது அதன் அடிப்படை விதி எளிமையாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அனைவரும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் விருப்பப் பாடம். ஐந்தாம் ஆண்டு முழுவதும் ஆய்வுத் திட்டம். கணிதமே வேண்டாம் என ஓடி வந்த உயிரியல் மாணவர் நுண்கணிதம் படித்தாக வேண்டும்; பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு விடை கொடுத்த இயற்பியல் மாணவர் உயிரணுவையும் மரபணுவையும் படித்தாக வேண்டும். விவரங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், அடித்தளம் பொதுவாக இருக்க வேண்டும் என்ற கருத்தே இந்தத் திட்டத்தின் உயிர்.

சட்டம் தாமதமாக வந்தது

கல்விச் சோதனையில் அவசரம் காட்டிய மத்திய அரசு, சட்டமியற்றுவதில் அதைக் காட்டவில்லை. பதிவு செய்யப்பட்ட சங்கங்களாகத் தொடங்கிய ஐசர்களுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. 2006-இல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் 2011-இல் ஐந்தாண்டுகளை முடித்தனர். 2007-ஆம் ஆண்டின் தேசிய தொழில்நுட்பக் கழகங்கள் சட்டத்தைத் திருத்தி, ஐசர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டு வந்த சட்டம் நிறைவேறியதோ 2012-இல்தான். படிப்பு முந்தியது, பட்டத்துக்கான சட்டம் பிந்தியது.

திருப்பதிக்கு ஐசர் வந்த கதை தமிழக வாசகர்கள் கவனிக்கத்தக்கது. 2014-ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணையில், புதிய ஆந்திரத்துக்கு மத்திய அரசு ஏற்படுத்தித் தர வேண்டிய கல்வி நிறுவனங்களின் பட்டியலில் அது எழுதப்பட்டது. மாநிலப் பிரிவினையின்போது பேரம் பேசிப் பெற்றது, அட்டவணையில் ஏறியதால் நிலைத்தது. புணே நிறுவனம் அதற்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டது. கணேஷே அதன் முதல் இயக்குநராகவும் சென்றார். திருப்பதி, பெர்ஹாம்பூர் நிறுவனங்களுக்குச் சட்டத் தகுதி 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது.

தமிழகத்துக்கு இரு பக்கமும், திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் ஐசர் இருக்கிறது. தமிழகத்தில் இல்லை.

உயிரியலுக்குக் கணிதம் எதற்கு?

பொது அடித்தளம் என்ற கருத்தை எதிர்ப்போரின் முதல் கேள்வி இதுதான். தவளையின் உடற்கூறையும் தாவரங்களின் குடும்பங்களையும் படிக்க வந்தவருக்கு நிகழ்தகவு எதற்கு என்கின்றனர்.

இதற்கான விடை, தமிழர்கள் நன்கறிந்த ஒரு பெயரில் இருக்கிறது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனை 1914-இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி.எச். ஹார்டி, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1908-இல், ‘சயின்ஸ்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். ஒரு மக்கள்கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைகள்தோறும் எவ்வாறு நிலைத்து நிற்கும் என்பதை எளிய இயற்கணிதத்தில் அது காட்டியது. ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் அதே ஆண்டில் அதே முடிவைத் தனியே கண்டார். இன்று உலகெங்கும் உயிரியல் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளில் படிக்கும் ஹார்டி-வைன்பெர்க் விதி அதுவே.

அதன் பயன் ஏட்டளவில் நிற்பதல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய் ஒன்று, ஓர் ஊரில் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருப்பதாகக் கொள்வோம். திருமணங்கள் தற்செயலாக அமைகின்றன என்றால், நோயின்றி அந்த மரபணுவைச் சுமப்போர் நூறில் ஒருவரோ இருவரோ அல்ல, 18 பேர். கண்ணுக்குத் தெரியும் ஒரு நோயாளிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத 18 பேர் இருப்பதை மருத்துவமனைப் பதிவேடு சொல்லாது, கணக்குத்தான் சொல்லும். நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கமுள்ள ஊர்களில் இந்தக் கணக்கு மாறும். எப்படி மாறும் என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. மகாராஷ்டிரத்தின் பழங்குடி மாவட்டங்களிலும் நீலகிரியின் பழங்குடியினரிடையிலும் காணப்படும் நோய் இது. பரிசோதனைக் குழாயைப் பிடிக்க மட்டுமே தெரிந்தவர்களைக் கொண்டு இத்தகைய திட்டத்தை நடத்திவிட முடியாது. பரிசோதனை முடிவை எண்ணாகவும் விகிதமாகவும் வாசிக்கத் தெரிந்த பட்டதாரிகள் வேண்டும். கரோனா காலத்தில் தொற்றுப் பரவல் எண்ணைக் குறித்து நடந்த குழப்பமான விவாதங்களும் இதே தேவையைத்தான் உணர்த்தின.

மற்றொரு புணே

ஐசர் மட்டுமே புணே அல்ல. 1949-இல் நிறுவப்பட்டு, 2014-இல் சாவித்ரிபாய் புலே பெயர் சூட்டப்பட்ட புணே பல்கலைக்கழகத்தின் கீழ், புணே, அகில்யாநகர், நாசிக் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இயங்குகின்றன. மிகப் பெரும்பான்மையான மாணவர்கள் படிப்பது அங்குதான்.

அந்தக் கல்லூரிகளில் நெடுங்காலம் நிலவிய முறை ஒரு கோபுரத்தைப் போன்றது. முதலாம் ஆண்டில் நான்கு பாடங்கள், இரண்டாம் ஆண்டில் மூன்று, மூன்றாம் ஆண்டில் ஒன்று. விலங்கியலும் தாவரவியலும் வேதியியலும் சேர்த்துப் படித்துப் பார்த்த பிறகே, மாணவர் தமது சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தார். ஐசர் பெரும் செலவில் செய்த பொது அடித்தளத்தின் எளிய வடிவம், சாதாரணக் கல்லூரியிலேயே முன்பிருந்தது என்று சொன்னால் தவறில்லை.

குறை பாடத்திட்டத்தின் வடிவத்தில் இல்லை, நடைமுறையில் இருந்தது. நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் நடத்தப்பட்டன. செய்முறை என்பது விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளைப் பதிவேட்டில் எழுதுவதாகச் சுருங்கியது.

இதற்கு விலக்கும் புணேயிலேயே உண்டு. ஆபாசாகேப் கர்வாரே கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய மிலிந்த் வாட்வே, பட்டப் படிப்பு மாணவர்களையே விடை தெரியாத கேள்விகளுடன் களத்துக்கு அனுப்பினார். அதிகக் கருவிகள் தேவைப்படாத ஆய்வுகளைச் செய்த அந்த மாணவர்களின் கட்டுரைகள் சர்வதேச இதழ்களில் வெளிவந்தன. பின்னர் அவர் புணே ஐசரில் உயிரியல் பேராசிரியரானார். சாதாரணக் கல்லூரியில் ஆய்வு சாத்தியமே என்பதற்கும், அதைச் சாத்தியமாக்கியவரைச் சாதாரணக் கல்லூரியால் தக்கவைக்க முடியவில்லை என்பதற்கும் இது ஒருசேரச் சான்று.

நான்காண்டுப் பட்டத்தின் கணக்கு

2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய கல்விக் கொள்கை, ஐசர்களின் இலக்கை எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டு செல்வதாகக் கூறுகிறது. நான்காண்டுப் பட்டம், பல துறைக் கல்வி, நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி ஆகியவை அதன் அம்சங்கள். மகாராஷ்டிரத்தில் இது 2023-24-இல் பல்கலைக்கழகத் துறைகளிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும், 2024-25-இல் இணைப்புக் கல்லூரிகளிலும் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு ஓர் அரசியல் முன்கதை உண்டு. 2013-இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் தில்லிப் பல்கலைக்கழகம் 11 அடிப்படைப் பாடங்களுடன் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டு வந்தது. பாஜக அதை எதிர்த்தது. ஆட்சி மாறிய சில வாரங்களில், 2014 ஜூனில், அது கைவிடப்பட்டது. கைவிடச் செய்த அதே கட்சியின் அரசே ஆறு ஆண்டுகள் கழித்து அதை நாடு முழுவதற்குமான கொள்கையாக்கியது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இடம் மாறிக்கொண்டனர்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. மூன்றாண்டுக்கான 120-இல் முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தபட்ச ஒதுக்கீடு 60. எஞ்சிய பாதி, துணைப் பாடம், பல துறைப் பாடங்கள், மொழித்திறன், தொழில்திறன், மதிப்புக் கல்வி, பயிற்சி எனப் பங்கிடப்படுகிறது. செய்முறை வகுப்பில் ஒரு கிரெடிட் பெற 30 மணி நேரம் ஆய்வகத்தில் செலவிட வேண்டும்.

ஐசரின் பொது அடித்தளத்துக்கும் இந்தப் பல துறைக் கல்விக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. ஐசரில் உயிரியல் மாணவர் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை உயிரியலுக்குத் தேவை என்பதற்காகப் படிக்கிறார். புதிய கட்டமைப்பில், உயிரியலோடு தொடர்பே இல்லாத பாடங்களைக் கொண்டும் கிரெடிட்டை நிரப்பிக்கொள்ளலாம். கல்லூரியில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடமே மாணவரின் ‘விருப்பப் பாடம்’ ஆகிவிடும் அபாயமும் உண்டு.

அதைவிட முக்கியமானது, வெளியேறும் வாய்ப்பு. முதலாண்டை முடித்து 40 கிரெடிட் பெற்று, நான்கு கிரெடிட்டுக்கான தொழிற்பயிற்சியும் முடித்தால் சான்றிதழ்; இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டயம். வறுமையால் படிப்பை விடுவோருக்கு இது கைவிளக்கு என்கிறது மத்திய அரசு. ஆனால் ஓராண்டு உயிரியல் படித்த சான்றிதழுக்கு எந்த ஆய்வகம் வேலை தரும்? எதிர்க்கட்சிகள் கூறுவதுபோல இது இடைநிற்றலுக்குச் சூட்டப்படும் அழகிய பெயராக மாறாமல் இருக்க வேண்டுமானால், அந்தச் சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு இருக்க வேண்டும்.

மேல் முனையிலும் ஒரு வாயில் இருக்கிறது. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய சிறப்புப் பட்டம் பெற, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் தேவை. அந்த ஆறில் நான்கு, முதல் இரண்டு ஆண்டுகளின் பருவங்கள். கிராமப்புறப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கில வழி வகுப்பில் தடுமாறி, இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் நிமிரும் மாணவருக்கு ஆராய்ச்சியின் கதவு அதற்குள் பாதி மூடியிருக்கும்.

பரிணாமமும் தவளையும்

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் அரசியல் நுழைந்துள்ளது. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், மகாராஷ்டிரத்தின் ஒளரங்காபாதில் பேசும்போது, டார்வினின் கோட்பாடு தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் கூட்டாக மறுப்புத் தெரிவித்தன. 2023-இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் அது தொடர்கிறது என்பது அரசின் விளக்கம். அங்கு உயிரியல் எடுக்காதவர்களுக்கு அது கிடைக்காது. முதலாண்டில் அனைவருக்கும் உயிரியல் என்ற ஐசர் விதிக்கு இதனால் புதிய பொருள் சேர்ந்தது.

செய்முறையும் மாறிவிட்டது. விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க 2011-இல் வழிகாட்டிய மானியக் குழு, 2014-இல் விலங்கியல், உயிர் அறிவியல் படிப்புகளில் அதை முற்றிலும் நிறுத்தச் சொன்னது. இரக்கத்தின் அடிப்படையிலும் உயிரினப் பாதுகாப்பின் அடிப்படையிலும் இது நியாயமே. ஆனால் அறுவை மேசை அகன்ற இடத்தில் நுண்ணோக்கியோ, களப்பணியோ, கணினிவழி ஆய்வோ வந்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் அந்த இடத்தில் வந்தது சுவரில் மாட்டிய படம்.

தமிழகத்தின் முன் உள்ள கேள்வி

தேசிய கல்விக் கொள்கையைத் தமிழகம் தொடக்கம் முதலே எதிர்த்தது. நீதிபதி முருகேசன் குழுவின் அறிக்கையைப் பெற்று, 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கையையும் வெளியிட்டது. ஒராண்டில் வெளியேறும் முறையையும் நுழைவுத் தேர்வுகளையும் எதிர்ப்பதற்கு வலுவான சமூகநீதிக் காரணங்கள் உள்ளன. அரசுக் கல்லூரிகளில் முதல் தலைமுறை மாணவர்களைச் சேர்த்ததிலும், ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் ரூ.1,000 வழங்கியதிலும் மாநிலத்தின் சாதனை சிறிதல்ல.

எனினும், சேர்ந்த மாணவர் என்ன படிக்கிறார் என்ற கேள்விக்கு எதிர்ப்பு மட்டுமே விடையாகாது. தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் அறிவியல் பிரிவிலேயே தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாகி, கணிதம் விடைபெறுகிறது. கல்லூரியில் சேரும் நாளிலேயே, 17 வயதில், மாணவர் விலங்கியல் துறைக்கோ தாவரவியல் துறைக்கோ உரியவராகிவிடுகிறார். முதல் நான்கு பருவங்களில் தமிழும் ஆங்கிலமும் கட்டாயம் என்பது இந்த முறையின் சிறப்பு. வேதியியல் போன்றவை துணைப் பாடங்களாக வந்து போகின்றன. ஆனால் புணேயின் சாதாரணக் கல்லூரி அளித்த, படித்துப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்புகூட இங்கு இல்லை.

ஐசர்களுக்குச் செல்ல விரும்பும் தமிழக மாணவர் இதன் விலையை நுழைவாயிலிலேயே தருகிறார். ஐசர் திறனறித் தேர்வின் 60 வினாக்களில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தலா 15 வினாக்கள். நான்கில் மூன்று பாடங்களைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. கணிதம் படிக்காதவர் நான்கில் ஒரு பங்கு வினாக்களை இழந்தே போட்டியைத் தொடங்குகிறார் என்று நடைமுறை சொல்கிறது.

இதைச் சரிசெய்ய தில்லியின் அனுமதி தேவையில்லை. முதலாண்டில் தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்குப் பொதுவான உயிரியல் அடித்தளம், உயிரியலுக்கென்றே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட புள்ளியியல் பாடம், பருவத்துக்கு ஒரு களப்பணி ஆகியவை மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் முடிவெடுக்கக் கூடியவையே. கடினமானது வேறொன்று. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்பப்பட்ட இடங்களில் நிரந்தர ஆசிரியர்களை நியமிப்பதும், ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதும்தான் அது. புணேயில் ஐசர் பெற்ற வெற்றிக்குப் பாடத்திட்டம் பாதிக் காரணம். முழுநேர ஆசிரியரும் திறந்த ஆய்வகமும் மறுபாதி. மத்திய அரசின் நான்காண்டுத் திட்டம் முதல் பாதியை மட்டும் சுற்றறிக்கை மூலம் கல்லூரிகளுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது பாதியை மாநிலங்களின் தலையில் வைத்திருக்கிறது.

தமிழகத்துக்கு ஓர் ஐசர் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்பது நியாயமான கோரிக்கை. ஆந்திரம் ஒரு சட்டத்தின் அட்டவணையில் அதைப் பெற்றது என்ற முன்னுதாரணமும் இருக்கிறது. ஆனால் ஓர் ஐசர் ஆண்டுக்குச் சில நூறு மாணவர்களையே சேர்க்க முடியும். நீட் தேர்வில் இடம் கிடைக்காமல், ஜூன் மாதத்தில் ஊர்க் கல்லூரியின் வாசலில் விண்ணப்பத்துடன் நிற்கும் மாணவிக்கு அது போதாது. அவருக்குக் கிடைக்கப் போவது ஆறுதல் பட்டமா, அறிவியல் பட்டமா என்பதை அந்தக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளே தீர்மானிக்கும். அந்தக் கல்லூரியை நடத்தும் பொறுப்பு சென்னையிடம் இருக்கிறது.